கவுண்டரிலிருந்து மூன்றாம் அறைக்கு

பதின்மூன்று வருடமாகத் தான் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த மூன்றாம் அறைக்குள், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் திங்கட்கிழமை சுபானி தானே போய் இருந்தாள்.

ஹம் நகரில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அந்த பிராக்ஸிஸ் இருக்கிறது. ஜெர்மனியில் தனியாக வைத்தியம் பார்க்கும் டொக்டர்களின் இடத்துக்கு அதுதான் பெயர். மூட்டு வீக்கம், மூட்டுவாதம் உள்ளவர்கள் அங்கே வருவார்கள். டொக்டர் ஹேகெமான் என்ற பெண்மணி நடத்துகிறார். சுபானி அங்கே பத்தொன்பது வயதில் அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த படிப்பு, செய்யச் சேர்ந்தவள். முடித்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். தொலைபேசி எடுப்பது, டெர்மின், அதாவது வர வேண்டிய நாளும் நேரமும், கொடுப்பது, இரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, காப்புறுதி அட்டையை வாங்கி இயந்திரத்தில் செருகுவது. வருகிற தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் அவள்தான். எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு ஜெர்மனும் தமிழும் ஒரே அளவில் வரும்.

2017இல் அங்கிருந்த இரண்டாவது டொக்டர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு ஆள் தேடி ஒன்றரை வருடம் விளம்பரம் போட்டும் எவரும் வரவில்லை. புதிதாக வரும் நோயாளி ஏழு மாதம் காத்திருக்க வேண்டிய நிலை. ஒருநாள் மதிய இடைவேளையில் டொக்டர் ஹேகெமான் ஒரு கடதாசியை மேசைக்கு மேலே தள்ளினார். ஃபிசிசியன் அசிஸ்டன்ட் என்ற பட்டப்படிப்பு. மூன்று வருடம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். முடித்தவர் டொக்டரின் பொறுப்பின் கீழ் நோயாளியை விசாரிக்கலாம், உடம்பைப் பரிசோதிக்கலாம், ஸ்கேன் எடுக்கலாம், தொடர்ந்து வருபவர்களைப் பார்க்கலாம். நோயைத் தீர்மானிப்பதும் மருந்துக்குக் கையெழுத்து வைப்பதும் மட்டும் டொக்டருடையது.

சுபானிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கணவன் கிருபன் கம்பித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் ஆதிரை கிண்டர்கார்டனில் இருந்தாள். மூன்றாம் நாள் கிருபன், தான் ஒரு வருடத்துக்குக் காலை ஷிப்டை மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அதுதான் அவனுடைய சம்மதம்.

படிப்பு அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மருந்தியலில் வகுப்பிலேயே அதிக புள்ளி வாங்கினாள். புள்ளிவிபரவியலில் முதல் தடவை விழுந்தாள். இதற்கு முன் எந்தப் பரீட்சையிலும் விழுந்ததில்லை என்பதால் அந்தச் செய்தியை மூன்று கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். இரண்டாம் தடவை எழுதிச் சித்தியடைந்தாள்.

பட்டம் கிடைத்த பின் பெரிய சிக்கல் அதன் பெயர்தான். ஜெர்மன் நாட்டில் ஆங்கிலப் பெயரோடு ஒரு வேலை. தமிழ் ஆட்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை. ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் லூர்தம்மா என்ற உறவுக்காரப் பெண் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்து நேரே கேட்டாள்.

"அப்ப நீ டொக்டரோ, நேர்ஸோ?"

"ரெண்டும் இல்லை அக்கா. டொக்டர் செய்யிற வேலையில ஒரு பங்கு நான் செய்யிறன். செய்துபோட்டு அவவுக்குச் சொல்லுவன்."

லூர்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் உதவி டொக்டர் என்று முடிவு கட்டினாள். சுபானி திருத்தப் போகவில்லை.

டொக்டர் ஹேகெமான் ஆறு மாதத்துக்கு ஒரு திட்டம் எழுதியிருந்தார். புதிதாக வருபவரை வேலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் ஒழுங்கு அது. முதல் மாதம் டொக்டரின் பக்கத்தில் இருந்து பார்ப்பது. இரண்டாம் மாதம் நோயாளியை விசாரித்து, கைகால்களில் இருபத்தெட்டு மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வீங்கியது எத்தனை, நோகிறது எத்தனை என்று எழுதுவது. பிறகு டொக்டர் வந்து தானும் எண்ணுவார். இரண்டு கணக்கும் பொருந்த வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து நிலைமை சீராக உள்ள ஆறு பேரை ஒரு நாளைக்குத் தனியாகப் பார்ப்பது. அவர்கள் வீட்டுக்குப் போக முன்னம் ஒவ்வொருவரைப் பற்றியும் டொக்டரிடம் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. சுபானிக்கு அந்த இடத்தின் ஒவ்வொரு இழுப்பறையும் தெரியும் என்பதால் இதற்குமேல் தேவைப்படாது என்று டொக்டர் நம்பினார். சுபானியும் நம்பினாள்.

இடம் தெரிந்திருந்ததுதான் பிழையாகப் போனது. கவுண்டரில் தொலைபேசி அடித்தால் அவள் கால்கள் தாமாக அங்கே போயின. முதல் இரண்டு கிழமையும் அப்படி ஓடி ஓடி எடுத்தாள். கவுண்டரில் அவளோடு ஒன்பது வருடம் வேலை செய்த பெட்ரா ஒருநாள் ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கி, "நீ இங்கேயா, அங்கேயா? ஒன்றைச் சொல்லு" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். சுபானி விட்டுப் போன இடத்துக்கு அரைநேர ஆளைத்தான் போட்டிருந்தார்கள். மிச்ச வேலை பெட்ராவின் தலையில் விழுந்திருந்தது. அதோடு, நேற்றுவரை தன்னோடு சேர்ந்து குளிர்பெட்டியில் ஊசிமருந்து அடுக்கியவளிடம் இன்று பெட்ராவே நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்துக்கொண்டார்கள். பெட்ரா குறிப்புத் துண்டுகளை எல்லாம் டொக்டரின் மேசையிலேயே வைத்தாள். மூன்றாம் அறைக்குரியதையும் அங்கேதான் வைத்தாள்.

நோயாளிகளுக்கும் பழக்கம் போகவில்லை. மூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டெர்மினைக் கேட்டார்கள். பழைய ஆளான அரியரத்தினம் ஐயா கதவுக்குள் வந்து, அவளைக் கண்டுவிட்டு, கதிரையில் இருக்காமல் நின்றார்.

"பிள்ளை, நீர் ஊசி குத்துறது நல்ல வடிவு. ஒரு நோவும் தெரியாது. கையைப் பாக்கிறதுக்கு டொக்டர் வரட்டும்."

டொக்டர் வரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். சுபானியும் நின்றாள்.

ஆனால் வேலை அவளுக்குப் பிடிபட்டது. ஐந்தாம் கிழமை அவளுடைய எண்ணிக்கையும் டொக்டருடையதும் பத்தில் நாலு தடவை பொருந்தின. எட்டாம் கிழமை பத்தில் ஒன்பது. ஒன்பதாம் கிழமையிலிருந்து ஆறு பேரைத் தனியாகப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆறு பேர் குறைந்தவுடன் டொக்டருக்கு முதல் தடவையாக மூச்சு விட நேரம் கிடைத்தது. காத்திருப்பவர் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்த அவர், பத்தாம் கிழமை ஆறைப் பத்தாக்கினார். பதினோராம் கிழமை பதினாலு. திட்டத்தில் அது ஆறாம் மாதத்துக்குரியது. ஏலும்தானே என்று டொக்டர் கேட்டார். ஏலும் என்று சுபானி சொன்னாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது என்பதை அவள் பிறகு மறைக்கவில்லை.

பதினாலு பேர் வந்தால் மூன்று நிமிடக் கதை ஒரு நிமிடமாகும். பிறகு கதவடியில் நின்று இரண்டு வசனமாகும். அவள் எழுதிய மருந்துச் சீட்டுகளைக் கட்டாக நீட்ட, டொக்டர் நின்றபடியே கையெழுத்து வைப்பார்.

அந்தப் பதினோராம் கிழமை வியாழக்கிழமை வந்த பதினாலு பேரில் கமலநாயகி ஒருத்தி. அறுபத்தொரு வயது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவள். விரல் மூட்டுகள் வீங்கி, உருளைக்கிழங்கு சீவும் கத்தியைப் பிடிக்க ஏலாமல் போனதால் நோய் விடுப்பில் இருந்தாள். அன்று அவளுக்கு மெத்தோட்ரெக்ஸாட் என்ற மருந்தைத் தொடங்க டொக்டர் தீர்மானித்தார். மூட்டுவாதத்துக்கு உலகமெங்கும் கொடுக்கும் மருந்துதான். கிழமைக்கு ஒரே ஒரு தடவை எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் நஞ்சு. எலும்புக்குள் இரத்தம் ஊறுவதை நிறுத்திவிடும்.

கமலநாயகி எடுக்கும் மற்ற மருந்துகளின் பட்டியலைக் குடும்ப டொக்டர் அச்சடித்துக் கொடுத்திருந்தார். காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று நிரல். காலைக்கு மோர்கன்ஸ் என்பது ஜெர்மன் சொல், அந்தத் தாளில் அதைச் சுருக்கி மோ என்று போட்டிருந்தது. சுபானி அதே தாளின் அடியில் புது மருந்தைக் கையால் எழுதினாள். திங்கட்கிழமைக்கு மோன்டாக். எல்லோரும் சுருக்குவதுபோல அவளும் சுருக்கினாள். மெத்தோட்ரெக்ஸாட், ஒன்று, மோ.

கிழமைக்கு ஒருக்கா என்று அவள் தமிழில் சொல்லவும் செய்தாள். ஆனால் அப்போது இருவரும் எழுந்து கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இரத்தப் பரிசோதனை, வெயில், கீரை, வைன், தடுப்பூசி என்று ஐந்தாறு விஷயத்தோடு ஒன்றாக அதுவும் போனது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி நோயாளியிடம் கேட்க வேண்டும் என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவள் கேட்கவில்லை. அந்தத் தாள்தான் சீட்டு, டொக்டர் அதன் அடியில் கையெழுத்து வைத்தார்.

கமலநாயகியின் மகன் நிலக்சன் பார்சல் களஞ்சியமொன்றில் வேலை செய்பவன், வயது இருபத்தொன்பது. தாய்க்கு ஜெர்மன் எழுத்தில் நம்பிக்கை இல்லாததால் சனிக்கிழமைகளில் அவன்தான் மருந்துப் பெட்டியை நிரப்புவான். திங்கள் தொடங்கி ஏழு நாளைக்கும் தனித்தனிக் குழி உள்ள பிளாஸ்ரிக் பெட்டி. சீட்டைப் பார்த்தான். மேலே மோ என்றால் காலை. கீழே மோ என்றாலும் அவனுக்குக் காலைதான். ஏழு குழியிலும் காலைப் பக்கத்தில் ஒவ்வொரு மஞ்சள் குளிசை போட்டான். மருந்துக்கடைக்காரி பெட்டியின் மேல் பேனாவால் மோன்டாக் என்று முழுதாக எழுதியிருந்தாள். அந்தக் கடதாசிப் பெட்டியைக் குளிசை எடுத்ததும் பழைய கடதாசிக் கூடைக்குள் போட்டுவிட்டிருந்தான்.

சீட்டு எழுதிய பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம் கவுண்டரில் தொலைபேசி அடித்தது. பெட்ரா எடுத்தாள். மறுபக்கத்தில் உடைந்த ஜெர்மனில் வாய், புண், சாப்பாடு என்ற மூன்று சொற்கள் மட்டும் விளங்கின. வழக்கமாக இப்படிப்பட்ட அழைப்புக்கு அடுத்த கிழமை ஒரு டெர்மின் கொடுத்து வைப்பதுதான் ஒழுங்கு. பெட்ரா பெயரை எழுதி, இலக்கத்தை எழுதி, அன்று முதல் தடவையாக அந்தத் துண்டை டொக்டரின் மேசைக்குக் கொண்டு போகாமல் மூன்றாம் அறைக் கதவைத் தட்டினாள்.

"இது உனக்குரியது. அந்த மனுஷியின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை" என்றாள்.

சுபானி உடனே எடுத்துக் கதைத்தாள். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள் கமலநாயகி. நாக்கு முழுக்கப் புண். நேற்றுப் பல் துலக்கும்போது இரத்தம் நிற்கவில்லை.

"அன்ரி, அந்த மஞ்சள் குளிசை எப்ப எடுக்கிறனீங்கள்?"

"காலமை. மற்றதுகளோட சேத்து."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் பிள்ளை. நிலக்சன் பெட்டிக்குள்ள போட்டு வைப்பான். நான் எடுப்பன்."

இரண்டு குளிசை எடுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது எடுத்திருந்தாள். கதவைப் பூட்டாமல் திறந்து வைக்கும்படியும் இனி ஒரு மருந்தும் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, சுபானி டொக்டரின் அறைக்குள் தட்டாமல் போனாள். உள்ளே ஒருவர் சட்டையில்லாமல் கட்டிலில் இருந்தார். அவள் வாசலில் நின்றபடி பெயர், மருந்து, ஒன்பது நாள், வாய்ப்புண், இரத்தம் என்று சொன்னாள். டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைப்பெடுத்தார். பெட்ரா அம்புலன்சைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து நிமிடத்தில் கமலநாயகி வண்டிக்குள் இருந்தாள்.

இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தன. மாற்று மருந்து ஏற்றினார்கள். ஒருவரும் கிட்டப் போகாதபடி தனியறையில் வைத்தார்கள். வியாழக்கிழமை காலை வந்த முடிவில் இறக்கம் நின்றிருந்தது. தப்பிவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த இரண்டு நாளுக்குள் டொக்டர் ஹேகெமான் சீட்டின் பிரதியை எடுத்துப் பார்த்திருந்தார். அடியில் இருந்தது தன் கையெழுத்து. நடந்ததைக் குடும்பம் எங்களிடமிருந்து கேட்க வேண்டும், ஆஸ்பத்திரியிடமிருந்து அல்ல என்றார். வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிய இருவரும் ஒன்றாகப் போனார்கள். மொழிபெயர்க்க வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று காரில் டொக்டர் கேட்டார். வேண்டாம் என்றாள் சுபானி.

முகமூடியும் நீல அங்கியும் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கட்டிலின் கால்மாட்டில் நிலக்சன் நின்றான். டொக்டர் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு இருந்தார். ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு நடந்தது எங்கள் பிழை. சீட்டில் இருந்தது தெளிவில்லாத சொல். நான் அதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். பொறுப்பு என்னுடையது."

நிலக்சனுக்கு விளங்கியது. தாய்க்கு விளங்கவில்லை. அவள் சுபானியைப் பார்த்தாள்.

"அன்ரி, சீட்டை எழுதினது நான். திங்கட்கிழமை எண்டு முழுசா எழுதாமல் சுருக்கிப் போட்டிட்டன். டொக்டர் அதை வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டா. அதாலதான் உங்களுக்கு இப்பிடி வந்தது."

எழுதியது யார் என்று டொக்டர் சொல்லியிருக்கவில்லை. நிலக்சன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஜெர்மனில், பெட்டியை நிரப்பியது நான்தானே என்றான். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்த குரல். இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய சீட்டை ஒருவிதமாக வாசித்தவர்மேல் குற்றமில்லை என்றார் டொக்டர். அவன் அதற்குத் தலையசைக்கவில்லை.

கமலநாயகி தண்ணீர் கேட்டாள். ஒரு வாயை நெடுநேரம் வைத்திருந்து விழுங்கினாள். அவள் திட்டுவாள் என்றோ அழுவாள் என்றோ சுபானி எதிர்பார்த்திருந்தாள். அவள் கேட்டது வேறு.

"மற்ற ஆக்களுக்கும் இப்பிடித்தான் எழுதிக் குடுத்தனியோ பிள்ளை?"

என்ன கேட்கிறார் என்று டொக்டர் கேட்டார். சுபானி மொழிபெயர்த்தாள். டொக்டர் எழுந்து வெளியே போய், தாழ்வாரத்தில் நின்று பெட்ராவுக்கு அழைப்பெடுத்து, நாளைக் காலை பத்து மணிக்கு முன்னம் உள்ள டெர்மின் எல்லாவற்றையும் தள்ளிப் போடும்படி சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மூன்றாம் அறை தொடங்கிய நாளிலிருந்து சுபானி எழுதிய சீட்டுகள் கணினியில் பிரதியாக இருந்தன. அறுபத்துமூன்று. கமலநாயகியுடையதைத் தவிர இன்னும் நாலில் அந்த மருந்தும் மோ என்ற சுருக்கமும் இருந்தன. பெட்ரா நாலு பேருக்கும் அழைப்பெடுத்தாள். மூன்று பேர் சரியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஒரு லொறிச் சாரதி. அவர் விடுமுறைக்குப் போய் வந்து இனித்தான் தொடங்க இருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, காலையில் கோப்பி குடித்த பிறகு, தினமும், என்றார். பெட்ரா எழுந்து நின்றபடி அவருக்கு முழுச் சொல்லையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தாள்.

அதன் பிறகு சுபானி டொக்டரிடம் தான் கவுண்டருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னாள். படித்தது வீணாகப் போனாலும் பரவாயில்லை என்றாள். டொக்டர் தன் பழைய நோயாளிகளின் கோப்பு ஒன்றைத் திறந்து, 2009ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றைத் திரையில் காட்டினார். டொக்டரின் கையெழுத்தில் அதே மருந்து. ஒன்று, மோ.

"நீங்கள் கவுண்டருக்குப் போனால் அந்தச் சீட்டை நாளைக்கு நான்தான் எழுதுவேன். நானும் இப்படித்தான் எழுதுவேன். இதை நீங்கள் என்னிடமிருந்துதான் பழகியிருக்கிறீர்கள்."

சுபானி ஒரு கிழமை விடுப்பு எடுத்தாள். வீட்டில் சமைத்தாள், ஆதிரையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தாள். பேனாவை எடுத்து எழுதாமலே திருப்பி வைத்ததைக் கிருபன் மட்டும் கண்டான். மகளின் பள்ளிக்கூடப் படிவத்தை அவனே வாங்கி நிரப்பினான். எட்டாம் நாள் அவள் மூன்றாம் அறைக்குப் போனாள். என்ன யோசித்துப் போனாய் என்று கேட்டவர்களுக்கு, திங்கட்கிழமை வந்தது, போனேன் என்றுதான் சொன்னாள்.

கமலநாயகி பதின்மூன்று நாளில் வீடு திரும்பினாள். நிலக்சன் கோப்பின் முழுப் பிரதியையும் எழுத்தில் கேட்டான். அனுப்பினார்கள். தாயை வேறு நகரத்தில் இன்னொரு மூட்டுவாத டொக்டரிடம் மாற்றி, மருத்துவர் சங்கத்தில் முறைப்பாடும் கொடுத்தான். முறைப்பாட்டை விசாரித்த குழு சுபானியிடம் இரண்டு பக்க வாக்குமூலம் கேட்டது. எட்டு மாதம் கழித்து, பிழை பிராக்ஸிஸுடையது என்று கடிதம் வந்தது. அதை டொக்டர் மறுத்திருக்கவே இல்லை. அடுத்த பெப்ரவரியில் ஒரு காலை, ஹம் ரயில் நிலையத்தில் சுபானி கமலநாயகியைக் கண்டாள். விரல்கள் இப்போது மடங்குகின்றன என்று அவள் கையைப் பொத்திக் காட்டினாள். ஆதிரை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாள். ரயில் வந்ததும் இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். தள்ளித் தள்ளி இருந்தார்கள்.

திட்டத்தை மாற்றி எழுதும் வேலையை டொக்டர் சுபானியிடம் கொடுத்தார். ஒரு பக்கம் ஒன்பது பக்கமாகியது. தனியாகப் பார்க்கும் ஆட்களின் தொகையை மாதத்துக்கு இரண்டுக்கு மேல் கூட்டக் கூடாது. கூட்ட வேண்டுமா என்று முடிவு செய்வது புதியவர். டொக்டர் கேட்கக்கூட முடியாது. கிழமை நாட்களைச் சுருக்கி எழுதக் கூடாது. கையெழுத்து வைப்பவர் சீட்டை வாய்விட்டு வாசித்த பிறகுதான் வைக்க வேண்டும். இதைக் கேட்டு டொக்டர் முதலில் சிரித்தார், பிறகு வாசிக்கத் தொடங்கினார். ஒன்பதாம் பக்கம் பெட்ரா எழுதியது. எந்த அழைப்பு டொக்டருக்கு, எது மூன்றாம் அறைக்கு, எது உடனே, எது நாளைக்கு என்று அதில் இருந்தது. கவுண்டரில் நிற்பவரையும் புதியவரோடு சேர்த்துப் பழக்க வேண்டும் என்பதை முன்பு ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அரைநேர ஆள் முழுநேரமாக்கப்பட்டாள்.

2024 வசந்தத்தில் இரண்டாவது ஃபிசிசியன் அசிஸ்டன்டாக யூடித் வந்தாள். நாற்பத்துநாலு வயது, சுபானியைவிடப் பத்து வயது மூத்தவள். பதினெட்டு வருடம் அம்புலன்சில் ஓடியவள். முதல்நாளே சுபானி அவளுக்கு அந்தச் சீட்டின் கதையைத் தன் பெயரோடு சொன்னாள், நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை. யூடித் ஒன்றுதான் கேட்டாள். "அன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?" பதினாலு என்று சுபானி சொன்னாள். யூடித் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

ஆனால் மூன்றாம் கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நெடுஞ்சாலையில் கவிழ்ந்த காருக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு ஊசி ஏற்றியவளை, இங்கே கதிரையில் இருந்து பார் என்றால் எப்படி என்றாள். சுபானி வாதாடவில்லை. ஒரு நோயாளியின் கையில் வீங்கிய மூட்டுகளைத் தொட்டு எண்ணும்படி சொன்னாள். யூடித் எட்டு என்றாள். சுபானி மூன்று என்றாள். ஸ்கேனில் மூன்று. யூடித் மறுபடி கதிரையில் இருந்தாள்.

நாலாம் மாதம் யூடித் திட்டத்தில் ஒரு ஓட்டையைக் காட்டினாள். மருந்தை எப்படி எடுப்பது என்று நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் வீட்டில் பெட்டியை நிரப்புவது அவர்தானா? அம்புலன்சில் போன வீடுகளில் பாதியில் நிரப்பியவர் வேறு ஆள் என்றாள். இரண்டு வருடமாக அந்தச் சீட்டை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்த சுபானி, நிலக்சன் அன்று ஒருவராலும் அழைக்கப்படவில்லை என்பதை ஒருதரமும் எண்ணியிருக்கவில்லை. மருந்துப் பெட்டியை நிரப்புவது யார் என்ற கேள்வி அன்றே திட்டத்தில் சேர்ந்தது. அந்த ஆளுக்குத் தொலைபேசியில் நேரே சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்தது.

கடந்த வருடம், ரயிலில் இருபது நிமிடத் தூரத்திலுள்ள ஒரு சிறு நகரத்தில் டொக்டர் ஹேகெமான் கிளை ஒன்றைத் திறக்க ஒழுங்கு செய்தார். கிழமையில் மூன்று நாள் அங்கே சுபானி இருப்பாள், டொக்டர் ஒருநாள் நேரிலும் மற்ற நாட்களில் காணொளியிலும் வருவார். ஏற்கெனவே இருநூறு பேர் பெயர் பதிந்திருந்தார்கள். முதல் கிழமையிலிருந்தே நாளைக்குப் பத்துப் பேர் என்று டொக்டர் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். உங்களுக்கு இப்போது மூன்று வருட அனுபவம் என்றார்.

"எனக்கு இருக்கிறது. அந்த இடத்துக்கு இல்லை" என்றாள் சுபானி. "அங்கே கவுண்டரில் நிற்கப் போகிறவர் யார் என்றே எனக்குத் தெரியாது. நாலு பேரில் தொடங்குவோம்."

மூன்றாம் நாள் டொக்டர் அட்டவணையில் பத்தை வெட்டி நாலு என்று எழுதிக் கொடுத்தார்.

கிளை ஒக்டோபரில் திறந்தது. முதல் ஆறு கிழமையும் நாளுக்கு நாலு பேர்தான். காத்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஒன்பது முறைப்பாட்டுக் கடிதங்கள் வந்தன. அவற்றுக்குப் பதில் எழுதும் வேலையை யூடித் எடுத்துக்கொண்டாள்.